ஓபி சீட்டு செய்துவந்த வேலைகள்

நான் படித்தது மருந்தாளுநர் பட்டயப் படிப்பு. கணினியோடு எனக்கு இருந்த சம்பந்தம், பள்ளி விடுமுறையில் தட்டச்சில் லோயர் தேறியிருந்தது மட்டும்தான். அந்தச் சான்றிதழை நம்பி 2016-ல் எங்கள் மருத்துவமனை நிர்வாகம் என்னைக் கணினிப் பொறுப்பாளர் ஆக்கியது. மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலையும் கூடவே இருந்தது. சம்பளம் மட்டும் கூடவில்லை.

மருத்துவமனை என்று பெருமைக்குச் சொல்கிறேன். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆறு அறைக் கட்டடம் அது. முழுநேர டாக்டரம்மா ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர் ஒருவர், இரண்டு சிஸ்டர்கள், ஆய்வகத்தில் ஒருவர், பதிவு மேசையில் உள்ளூர்ப் பெண் ஒருவர், பிறகு நான். நாளொன்றுக்கு எண்பது, நூறு பேர் வருவார்கள். ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை கூடும் வெள்ளிக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் சேர்ந்துகொள்வதால், கூட்டம் திண்ணையைத் தாண்டி வேப்பமரத்தடி வரை உட்கார்ந்திருக்கும்.

அதுவரை எல்லாம் ஓபி சீட்டில் நடந்தது. நோட்டுத்தாளில் பாதி அளவுள்ள ஒரு மஞ்சள் அட்டை. முன்பக்கம் பெயர், வயது, ஊர். பின்பக்கம் டாக்டரம்மாவின் கோழிக்கிறுக்கல். ஒவ்வொரு முறையும் நோயாளி அதை எடுத்துவர வேண்டும். பாதிப்பேர் எடுத்துவர மாட்டார்கள். தொலைத்தவருக்குப் புதுச் சீட்டு, புது வரலாறு. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர் நேற்றுத்தான் நோய் கண்டவர்போல உட்கார்ந்திருப்பார். மாதக் கடைசியில் சிஸ்டர்கள் இரண்டு நாள் இரவு உட்கார்ந்து ஆறு பதிவேடுகளைக் கூட்டி அறிக்கை எழுதுவார்கள். இதையெல்லாம் கணினி தீர்த்துவிடும் என்று நம்பினோம். நம்பியதில் தவறில்லை. அந்த மஞ்சள் அட்டை எங்களுக்குத் தெரியாமல் எத்தனை வேலைகளைச் செய்துவந்தது என்பதைக் கணக்கெடுக்காமல் அதை எடுத்துப்போட்டதுதான் தவறு.

முதலில் வாங்கியது ஒரு நகரத்து நிறுவனத்தின் மென்பொருள். பில் போடுவதற்காக எழுதி, மருத்துவத்தைப் பிறகு ஒட்டவைத்த சரக்கு. எங்களிடம் பில்லே கிடையாது; வாசலில் ஓர் உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடுவார்கள். ஆனாலும் ஒவ்வொரு நோயாளிக்கும் ‘தொகை: 0’ என்று அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். தரவு முழுவதும் எங்கோ ஒரு தொலைதூர சர்வரில் இருந்தது. சாலையை அகலப்படுத்தப் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்த அன்று, டாக்டரம்மாவின் திரையில் ஒரு சிறு வட்டம் மதியம்வரை சுற்றிக்கொண்டே இருந்தது.

தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை. யார் நாள் பார்த்தார்கள் என்று இன்றும் நாங்கள் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்கிறோம்.

அன்று காலை பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது, சீட்டு என்பது வரிசையும்கூட என்று. பதிவு மேசையில் போட்ட சீட்டுகள் டாக்டரம்மாவின் மேசையில் கவிழ்த்து அடுக்கப்படும். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் சிஸ்டர் அந்தச் சீட்டை உருவி மேலே வைப்பார். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கணினியிலோ, பதிந்த நேரப்படிதான் பெயர் வரும். முன்னே தள்ள வழியில்லை. சிஸ்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரையில் வேறொருவர் பெயர் திறந்திருந்தது. குழந்தையின் மருந்து அவர் பெயரில் ஏறியது. என் ஜன்னலுக்கு வந்து நின்றவர் அறுபது வயதுக்காரர். திரையில் அவருக்கு நான் கொடுக்க வேண்டியது பாராசிட்டமால் சிரப்.

சீட்டுதான் சாட்சியும். “நூறு நாள் வேலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன்” என்று காட்ட ஒரு பெண்ணுக்கு அது வேண்டும். வீட்டில் காட்டவும் வேண்டும். காகிதமில்லா மருத்துவமனை என்று பெருமையாக அறிவித்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பியபோது, ஓர் ஆயா நகராமல் நின்றார். “சீட்டு கொடு தம்பி. நான் வந்தேன் என்று யார் நம்புவார்கள்?” அவசர அவசரமாக பஸ் டிக்கெட் அடிப்பதுபோன்ற ஒரு சின்ன பிரிண்டர் வாங்கினோம். சூட்டில் எழுத்து விழும் காகிதம் அது. எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் பாறைமேல் வடகம் ஒரே பகலில் காய்ந்துவிடும். அந்தக் காகிதம் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அடுத்த மாதம் அதே ஆயா சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கும் சுண்ணாம்புக்கும் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஓர் எழுத்துகூட இல்லாத சாம்பல் நிறத் தாள். அன்றே சாதாரண லேசர் பிரிண்டருக்கு மாறினோம். டோனர் செலவு கூடத்தான் செய்தது. ஆனால் நோயாளி கையில் இருப்பதைப் படிக்க முடிந்தது.

டாக்டரம்மாவுக்கு வேறு கஷ்டம். அவருக்குத் தட்டச்சு தெரியாது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். அதற்குள் எதிரில் இருப்பவர் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவார். வெளியே வந்த ஒருவர் பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “டிவி பார்த்துக்கொண்டே என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள்.” மூன்று மாதத்தில் அந்த மென்பொருளை மூட்டைகட்டினோம். கொடுத்த பணம் திரும்பவில்லை.

இரண்டாவது முறை ஆரம்பித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அது நல்லதாகப் போயிற்று. வேலூரிலிருந்து விடுமுறை நாட்களில் வந்து உதவிய ஒரு பொறியாளர் பாஹ்ம்னி என்ற மென்பொருளைக் காட்டினார். சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மருத்துவமனைக்காக உருவானது அது. அதற்கு அடியில் இருப்பது ஓபன்எம்ஆர்எஸ். கென்யாவின் எச்ஐவி சிகிச்சை மையங்களை மனத்தில் வைத்து 2004-ல் தொடங்கிய திறந்தமூலத் திட்டம். உரிமக் கட்டணம் கிடையாது. இலவசம் என்று சொல்ல மாட்டேன்: கோளாறு வந்தால் தூக்கி நிறுத்த ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். ஆனால் சர்வரை எங்கள் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஊரில் கேபிள் அறுந்தாலும் அறைக்கு அறை ஓடும் கம்பி அறாது.

கென்யாக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்று, மருத்துவர் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை என்பது. அங்கே மருத்துவர் படிவத்தில் எழுதுவார், தரவுப் பணியாளர் பிறகு ஏற்றுவார். எங்கள் டாக்டரம்மாவும் முதல் ஒன்றரை வருடம் பேனாவால்தான் எழுதினார். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் பதிவு மேசைப் பெண் ஐந்தே ஐந்து விஷயங்களை மட்டும் கணினியில் ஏற்றுவார்: என்ன நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, என்ன மருந்து, அடுத்து வரவேண்டிய தேதி. நிர்வாகக் குழுவில் ஒருவர் குடும்ப வருமானம், கழிப்பறை வசதி, குடிநீர் எங்கிருந்து என்று இருபத்தேழு கேள்விகள் எழுதிவந்தார். ஒவ்வொன்றுக்கும், “இதைப் பார்த்துவிட்டு நாளைக் காலை யார் என்ன செய்வார்கள்?” என்று சிஸ்டர் கேட்டார். இருபத்தேழும் போயின. இப்படி மதியம் ஏற்றுவதில் ஒரு குறையும் உண்டு. மருந்து கொடுத்து அனுப்பிய பிறகுதான் கணினிக்கே விஷயம் தெரியும். ஒவ்வாமை என்று எச்சரிக்க அதற்கு வாய்ப்பில்லை. தெரிந்தேதான் ஏற்றோம்.

எங்களை மிகவும் அலைக்கழித்தது பெயர்தான். மற்ற எல்லாம் சேர்ந்தும் இதற்கு ஈடாகாது. மென்பொருளுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தலைப்பெழுத்து உண்டு. அதுவும் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவனுடையது. கே. செல்வியாக வந்தவர் தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும்போது எம். செல்வி. ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமியை எக்ஸ் போட்டு ஒருவர் எழுதினார், சிஎச் போட்டு ஒருவர், கேஎஸ்எச் போட்டு இன்னொருவர். ‘ழ’ வரும் பெயர் என்றால் பதிவு மேசைப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். குடியாத்தம் பக்கமிருந்து வரும் தெலுங்குக் குடும்பங்களின் பெயர்களும் பேரணாம்பட்டிலிருந்து வரும் உருதுப் பெயர்களும் வேறு. பிறந்து பெயர் வைக்காத குழந்தை ‘செல்வியின் ஆண் குழந்தை’ என்று பதிவாகும். மூன்றாம் மாதம் தடுப்பூசிக்கு வரும்போது பெயரோடு வருவான். புது ஆளாக ஏறிவிடுவான். ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது ஒரே பெண்மணிக்கு நான்கு பதிவுகள் இருந்தன. நான்கிலும் வேறு வேறு வயது.

வயதும் அப்படித்தான். பிறந்த தேதி இல்லாமல் முதல் மென்பொருள் நகராது. “எம்ஜிஆர் செத்தபோது இவன் கைக்குழந்தை” என்பதுதான் கிடைக்கும் தகவல். பதிவு மேசைப் பெண் வருடத்தைக் கணக்குப்போட்டு ஜனவரி 1 என்று அடித்துவிடுவார். ஒரு கட்டத்தில் எங்கள் பகுதியில் பாதிப்பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள். புதிய மென்பொருளில் ‘உத்தேச வயது’ என்று தனிக் குறியீடு இருந்தது. பொய்யை உத்தேசம் என்று ஒப்புக்கொள்ள ஒரு கட்டம் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. பெயரைத் தமிழில் எழுதினோம். செல்வி தமிழில் ஒரே செல்விதான். லட்சுமி இங்கேயும் இலட்சுமி, லக்ஷ்மி என்று பிரிந்தது. இருந்தாலும் தொல்லை குறைந்தது. பெயரோடு அம்மா பெயர், ஊர், வீட்டில் யாருடையதானாலும் ஒரு போன் எண். புதிதாகப் பதியும்முன் இந்த நான்கில் இரண்டை வைத்தாவது தேடியே ஆக வேண்டும் என்று விதி. பிறகு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்.

அந்த எண்ணின் கடைசி இலக்கம் சும்மா இல்லை. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒரு எளிய கணக்கு அது. வங்கி அட்டைகளின் எண்களிலும் இருக்கிறது. 4127 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கோடியில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும், இரண்டு இலக்கமானால் கூட்டிக்கொள்ள வேண்டும்: 7 இரட்டித்தால் 14, அதாவது 5, 2 அப்படியே, 1 இரட்டித்தால் 2, 4 அப்படியே. கூட்டினால் 13. இருபதாக்க இன்னும் 7 வேண்டும். ஆகவே எண் 41277. அவசரத்தில் யாராவது 42177 என்று அடித்தால் கணக்கு இடிக்கும், கணினி மறுத்துவிடும். ஓர் இலக்கம் மாறினாலும் கண்டுபிடிக்கும்; பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், 0-வும் 9-ம் மாறுவதைத் தவிர, கண்டுபிடிக்கும். முதல் ஆறு மாதத்தில் எங்களை அதிகம் காப்பாற்றியது இந்தக் கடைசி இலக்கம்தான்.

எண்ணை அட்டையில் அச்சிட்டு லேமினேட் செய்து கொடுத்தோம். சனங்கள் அதைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தேன். வேலூர்க்காரர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி இருக்கும் மாவட்டம் இது. வீட்டுக்கு ஒருவரிடமாவது ‘சிஎம்சி நம்பர்’ இருக்கும், ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருப்பார்கள். எங்கள் அட்டையும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. மஞ்சள் சீட்டைத் தொலைத்தவர்கள் இதைத் தொலைக்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தயவுசெய்து கவனியுங்கள். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று அறிவிப்பு வரும் நாட்கள் உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதக் கணக்குக்கு 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால் பாதியைத்தான் நம்பலாம். நன்கொடையாக வந்த மூன்று மேசைக் கணினிகள் சேர்ந்து 400 வாட் இழுத்தன. இரண்டேகால் மணி நேரத்தில் எல்லாம் இருட்டு. அவற்றைக் கொடுத்துவிட்டு மூன்று பழைய மடிக்கணினிகள் வாங்கினோம். கையகல சர்வர், ரூட்டர் எல்லாம் சேர்த்தே 150 வாட். ஆறு மணி நேரம் தாங்கியது. எங்கள் புறநோயாளிப் பிரிவு இரண்டு மணிக்கு முடிந்துவிடும். பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றும் நாளை, தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை எழுதும் அட்டையிலேயே குறித்துவைத்தோம். அந்த அட்டையைத்தான் தினமும் யாராவது பார்ப்பார்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோய் மடிக்கணினியைத் தொட்டால் சுருக்கென்றது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து உப்பும் கரியும் போட்டுக் குழியைச் சரிசெய்தோம். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது தோட்டக்காரர் வேலையாயிற்று.

மின்சாரமும் போய், சர்வரும் படுத்துவிட்டால்? பதிவு மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் ஐம்பது வெற்றுப் படிவங்கள், எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள், கார்பன் தாள், இரண்டு பேனா, ஒரு டார்ச். ஒவ்வொரு காலையும் அன்று வரவேண்டியவர்களின் பட்டியலை, கடைசியாகக் கொடுத்த மருந்தோடு அச்சிட்டு அதில் போடுவோம். மாலையில் அதைக் கிழித்துவிடுவோம். டின்னில் உள்ள பேனாவை யாரும் கடன் வாங்கக் கூடாது என்பது எங்கள் மருத்துவமனையின் மிகக் கண்டிப்பான சட்டம்.

இனி என் சொந்தத் தவறு. தினமும் மாலை பென் டிரைவில் நகல் எடுத்தேன். ஒழுங்காக எடுத்தேன், நோட்டில் கையெழுத்தும் போட்டேன். 2018 கோடையில் வன்தட்டு ஒருநாள் கடகடவென்று சத்தம்போட்டுச் செத்தது. நகலைத் திறந்தால் கடைசிப் பதினொரு நாள் கோப்புகளும் பூஜ்யம். பென் டிரைவ் நிரம்பிவிட்டது. கோப்பின் பெயர் மட்டும் உருவாகியிருக்கிறது. நான் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டாக்டரம்மா பேனாவால் எழுதிய படிவங்களை சிஸ்டர் கட்டிக் கட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். பதினொரு நாளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்ப ஏற்றினோம். அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை, நகலை ஒரு பழைய மடிக்கணினியில் முழுதாக ஏற்றித் திறந்து பார்ப்பேன். யாராவது மூன்று பேரின் எண்ணை சிஸ்டர் சொல்வார். அவர்கள் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று காட்ட வேண்டும். காட்டினால்தான் கையெழுத்து. இரண்டாவது நகல் கடவுச்சொல் பூட்டோடு கட்டடத்துக்கு வெளியே ஒருவர் வீட்டில் இருக்கிறது. யார் வீடு என்பதை எழுதப்போவதில்லை.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு டாக்டரம்மா நேரடியாகக் கணினியில் மருந்து எழுதத் தொடங்கினார். என் துறை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மருந்துப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் பட்டியல் விரியும். எம், ஈ, டி என்று அடித்தால் வருபவை: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், சீதபேதிக்கான மெட்ரோனிடசோல், ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால், கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கான மெத்தில்டோபா, வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு. ஒன்றின் கீழ் ஒன்று, ஒரே சாயலில். விரல் ஒரு வரி நழுவினால் போதும். நழுவியது. மூன்று வருடமாக மெட்ஃபார்மின் வாங்கிக்கொண்டிருந்த பெரியவருக்கு ஒரு மாதத்துக்கு மெட்ரோனிடசோல் வந்தது. ஒரு மாதத்துக்கு யாரும் அதை எழுத மாட்டார்கள் என்பதால் எனக்கு உறைத்தது. அவர் வயிற்றுப்போக்கோடு வந்து, ஐந்து நாளைக்கென்று அந்த வரி விழுந்திருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. கிறுக்கலாக எழுதிய காலத்தில் படிக்க முடியாதபோது எழுந்துபோய்க் கேட்பேன். அழகாக அச்சிட்டு வந்தால் கேட்கத் தோன்றுவதில்லை.

அன்று மாலை மென்பொருளோடு வந்த ஆயிரக்கணக்கான மருந்துப் பெயர்களையும் நீக்கிவிட்டு, என் அலமாரியில் உண்மையில் இருக்கும் நூற்றுச் சொச்சத்தை மட்டும் ஏற்றினோம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு சொல்: சர்க்கரை, பேதி, பிரஷர், கர்ப்பம், வாந்தி. சீட்டிலும் அது அச்சாகும். இப்போது நோயாளியே, “எனக்கு ஏது தம்பி பேதி?” என்று கேட்டுவிடுகிறார். எனக்கு அடுத்த காவல் அவர்தான்.

மலைக்கு மாதம் இரண்டு முறை போவோம், பீஞ்சமந்தை, பாலாம்பட்டுப் பக்கம். பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. டேப்லெட்டில் பதிந்து, இறங்கி வந்ததும் சர்வரோடு சேர்ப்பது திட்டம். அங்கே டேப்லெட் ஒரு புது எண் கொடுக்கும். அதே நாளில் இங்கே சர்வர் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். இதற்குத் தீர்வு நவீனமானது அல்ல. ஒட்டுத்தாளில் முன்கூட்டியே எண்களை அச்சிட்டு, ‘மலைச் சுருள்’ என்று தனிக் கட்டாக எடுத்துப்போகிறோம். ஓர் எண்ணுக்கு மூன்று ஒட்டுத்தாள்: ஒன்று அட்டைக்கு, ஒன்று படிவத்துக்கு, ஒன்று ரத்தக் குப்பிக்கு. டேப்லெட் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளும், தானாகக் கொடுக்காது.

ஊழியர்கள் எப்போது இதைத் தங்களுடையதாக நினைத்தார்கள் என்று கேட்டால், ‘வராதவர் பட்டியல்’ வந்த பிறகு என்பேன். அதுவரை எல்லோரும் கணினிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், அது எதையும் திருப்பித் தரவில்லை. வாரம் ஒருமுறை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்களில் தேதி கடந்தும் வராதவர்களை ஊர்வாரியாக அச்சிட்டுக் களப்பணியாளர்களிடம் கொடுத்தோம். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்த காரணங்கள் எந்தக் கட்டத்திலும் அடங்காதவை. மலை ஊர்களில் குடும்பம் குடும்பமாகக் குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். புளி உலுக்கும் பருவத்தில் யாரும் இறங்கி வருவதில்லை. நாங்கள் அவர்களை அசட்டையானவர்கள் என்று குறித்துவைத்திருந்தோம். இப்போது வேலைக்குப் புறப்படும் காலத்துக்கு முன்பே வரச்சொல்லி மூன்று மாத மாத்திரை கட்டிக் கொடுக்கிறோம். அடுத்து வரவேண்டிய தேதியை டாக்டரம்மா அவர்களைக் கேட்டுத்தான் போடுகிறார்.

சிஸ்டர்களின் இரண்டு இரவு வேலை ஒரு பொத்தானில் முடிந்தது. ஆனால் அரசுக்கான பிக்மி இணையதளத்தில் கர்ப்பிணிகளின் விவரத்தை கிராம சுகாதாரச் செவிலியர் தனியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் மென்பொருள் அதோடு பேசாது. அங்கே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கிடைக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணை எங்கள் பதிவிலும் குறித்து, அவருக்கு வேண்டிய விவரங்களை அவர் படிவத்தின் வரிசையிலேயே அச்சிட்டுக் கொடுக்கிறோம். அவ்வளவுதான் முடிந்தது.

எழுத மனம் வராத ஒன்று மிச்சம் இருக்கிறது. 2018-ல் பதிவு மேசையின் திரை பெஞ்சை நோக்கி இருந்தது. பிளக் அந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எண்ணை அடித்ததும் பெயருக்குப் பக்கத்தில் நோயின் பெயர் சிவப்புப் பட்டையில் வரும். காசநோய்க்கு ஆறு மாத மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான்காவது மாதம், இருமல் நின்று, உடம்பு தேறி, நன்றாக இருந்தார். அவர் பெயர் திரையில் வந்தபோது பெஞ்சில் இருந்தவர் அவருக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டுக்குச் சொந்தம். கல்யாணம் நின்றது. அந்தப் பெண் மிச்ச மருந்தை வாங்க எங்களிடம் வரவில்லை. டாக்டரம்மா நேரில் போய் அழைத்தும் வரவில்லை. வேறு இடத்தில் வாங்கி முடித்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது.

அன்று இரவே திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். இருபது ரூபாய் ஒயர். பதிவு மேசையில் பெயர், எண், ஊர் தவிர எதுவும் தெரியாதபடி மாற்றினோம். அதுவரை எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. இப்போது ஆளுக்கொன்று, யார் எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்பது தானாகக் குறித்துக்கொள்ளப்படும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை எல்லோர் முன்பும் படிக்கிறோம். ஒருமுறை என் பெயரும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன வியாதிக்கு வந்தார் என்று பார்த்திருந்தேன். மருந்து கொடுக்கவா என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்றேன்.

இதற்குப் பிறகு இன்னொரு விஷயமும் புரிந்தது. பழைய மஞ்சள் சீட்டில் சில நேரம் வலது மூலை மடிந்திருக்கும். வருடக்கணக்கில் அதைப் பார்த்திருக்கிறேன். தாள் கசங்கியது என்றே நினைத்திருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் கன்றிய தடம் தெரிந்தாலோ, மாமியார் பதில் சொல்லப் பெண் தலைகுனிந்து நின்றாலோ சிஸ்டர் அந்த மூலையை மடிப்பார். டாக்டரம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்கேன் பார்க்க வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள்” என்று கூட வந்தவர்களை அனுப்பிவிடுவார். எங்களிடம் ஸ்கேன் கருவியே கிடையாது.

காகிதத்தை எடுத்த நாட்களில் அந்த மடிப்பு இல்லாமல் போயிருந்தது. சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. லேசர் பிரிண்டரில் சீட்டு திரும்பி வந்த அன்றே அவர் விரல் பழையபடி மடிக்கத் தொடங்கியிருக்கிறது. விஷயம் தெரிந்ததும் நான் ஆர்வத்தில், மென்பொருளில் இதற்கு ஒரு கட்டம் சேர்த்துவிடலாம், ஒரு நாள் வேலை என்றேன்.

“வேண்டாம் தம்பி” என்றார் சிஸ்டர். “அது தாளிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது நானே நீவி விட்டுவிடுகிறேன்.”